உன் கூலியையும் சேர்த்து எழுது

அன்புள்ள தங்கச்சி,

புளியங்குடியில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. கைப்பக்குவம் உன்னிடம் இருக்கிறது. தவழுகிற பிள்ளையும் இருக்கிறது. ஊறுகாய் போட்டு விற்கலாம் என்று துணிந்து இறங்கிவிட்டாய். இனி இரண்டு விதமான ஆட்கள் உனக்குப் புத்தி சொல்ல வருவார்கள். "பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார் ஒருவர். மகளிர் தின மேடையில் மைக் பிடித்த இன்னொருவர், "வீட்டைக் கொண்டு செலுத்துகிறவளுக்கு வியாபாரம் எம்மாத்திரம்" என்பார். முதல் ஆள் உன்னைக் குறைத்து எடை போடுகிறார். இரண்டாம் ஆள் புகழ்ந்துவிட்டு, சொல்ல வேண்டிய பாதியை விழுங்கிவிடுகிறார். பிள்ளை வளர்ப்பு, வியாபாரத்துக்கு வேண்டிய பல திறமைகளைக் கற்றுத்தருகிறது என்பது மெய்தான். அதே பிள்ளை வளர்ப்பு, வியாபாரத்தைக் கவிழ்க்கும் ஒரு பழக்கத்தையும் கூடவே படியவிடுகிறது: தன் உழைப்புக்குக் கணக்கு வைக்காத பழக்கம். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

திறமை, திறமை என்று பொதுப்படச் சொன்னால் அதுவும் மேடைப்பேச்சாகிவிடும். ஊறுகாயையே எடுத்துக்கொள்வோம். அது ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. பழத்தைக் கழுவித் துடைத்து ஈரம் போக உலர்த்த வேண்டும். நறுக்கி, விதை எடுத்து, உப்பில் போட வேண்டும். ஜாடியைத் தினமும் ஒரு தடவை குலுக்கிவிட வேண்டும். வெயில் பார்த்து வைக்க வேண்டும், மேகம் திரண்டால் ஓடிப்போய் எடுக்க வேண்டும். ஈரக்கை பட்டுவிட்டால் பூஞ்சை பூத்து ஜாடி மொத்தமும் போய்விடும். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து, விட்ட இடத்தை மறக்காமல் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இது சரிப்படும். கைக்குழந்தைக்காரிக்கு விடிந்தால் அடைந்தால் இதே பயிற்சிதான். கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் ஒரே வேலையைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் தடுமாறிப்போவார்கள்.

கொள்முதலும் அப்படித்தான். புவிசார் குறியீடு வரை வாங்கிவிட்ட நம் ஊர் எலுமிச்சை, கோடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டும். வரத்து பெருகினால் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் கிடக்கும். பழம் மலிவாக வருகிற மழைக்காலத்தில் காயவைக்க வெயில் இருக்காது. அப்போது வாங்கி உப்பில் போட்டு நிறுத்திவைத்து, வெயில் வந்ததும் எடுக்கிறவர்தான் பிழைப்பார். இன்றைக்குத் தேவையில்லாத ஒன்றை மூன்று மாதம் கழித்து வரப்போகும் தேவைக்காகச் செய்துவைக்கும் புத்தி, பிள்ளை பெற்றவர்களுக்குத் தானாக வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் விஷயம் இன்னும் நுட்பமானது. ஊறுகாய் பிடிக்காதவர் உன்னிடம் வந்து சண்டை போடமாட்டார். அடுத்த தடவை வரமாட்டார், அவ்வளவுதான். வாய் பேசாத பிள்ளையின் அழுகை பசியா, வயிற்று வலியா, தூக்கமா என்று பிரித்தறிந்தவளுக்கு, சொல்லாமல் நின்றுபோன வாடிக்கையின் காரணத்தை ஊகிப்பது முற்றிலும் புதிய வித்தை அல்ல. எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. தான் இல்லாமலேயே பிள்ளை சாப்பிடவும், செருப்பு மாட்டவும், கடைக்குப் போய்வரவும் ஒரு தாய் பழக்குகிறாள். ஒரு தொழில் வளர்வதற்கு முதலாளி செய்ய வேண்டியதும் இதுவே. கூடமாட வேலைக்கு வருகிறவளிடம் உன் பக்குவத்தை ஒப்படைக்க உனக்கு மனம் வரவேண்டும்.

இதற்கெல்லாம் அறிவியல் சான்று இருக்கிறதா என்று யாராவது கேட்டால், கொஞ்சம் இருக்கிறது. கிரெய்க் கின்ஸ்லி, கெல்லி லாம்பர்ட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1999ல் வெளியிட்ட ஆய்வில், குட்டி ஈன்ற எலிகள் ஈனாத எலிகளைவிட இரை இருக்கும் இடத்தை நன்றாக நினைவில் வைத்திருந்தன. எலி ஜிஎஸ்டி கட்டுவதில்லை, கடன் வசூலிப்பதுமில்லை. அதனால் இதை ரொம்பவும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். மனிதர்களைப் பற்றிய சான்று நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது, அது அவ்வளவு இனிப்பானதும் இல்லை.

நம் தென்காசிச் சீமையில் பீடி சுற்றும் வீடுகளைப் பார். மடியில் சொளகு, பக்கத்தில் தொட்டில், அடுப்பில் உலை. இலையை நறுக்கி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, நடுவில் பிள்ளைக்குச் சோறூட்டி, ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்ற கூலிக்கு வேலை நடக்கிறது. நேரத்தைத் துண்டுபோட்டு ஆளும் திறமைக்கு இதைவிடப் பெரிய பல்கலைக்கழகம் உலகத்தில் எங்கே இருக்கிறது? தாய்மைத் திறமை மட்டுமே தொழில் நடத்தப் போதும் என்றால், இந்த வீடுகளிலிருந்து எத்தனை முதலாளிகள் கிளம்பியிருக்க வேண்டும்! கிளம்பவில்லை. இலையை எடை போடுகிறவர் வேறு, பீடியைக் கழித்துத் தள்ளுகிறவர் வேறு, விலை வைக்கிறவர் வேறு. சுற்றும் கைக்குச் சொந்தமானது வேகம் ஒன்றுதான். விலை வைக்கும் உரிமை இல்லாத இடத்தில், திறமை கூடக்கூட அடுத்தவருக்குத்தான் ஆதாயம்.

ஊறுகாய்க்கு விலை வைக்கப்போவது நீ. அந்த உரிமை உன் கையில் இருக்கிறது. அதை நீயே கோட்டைவிடக்கூடிய இடம் எது என்பதற்கு ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோ எலுமிச்சை 600 ரூபாய். எண்ணெய், வற்றல் பொடி, உப்பு, வெந்தயம், காயம் 720. கால் கிலோ பாட்டில் 48, மூடி, லேபிளோடு 480. ஆக 1800. பாட்டில் 60 ரூபாய்க்கு விற்றால் 2880 வரும், 1080 ரூபாய் மிச்சம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இப்போது கழுவித் துடைத்தது, நறுக்கியது, குலுக்கியது, தாளித்தது, அடைத்தது, லேபிள் ஒட்டியது எல்லாம் சேர்த்து இருபது மணி நேரம் என்று வை. மணிக்கு 60 ரூபாய் என்று உனக்கே கூலி போட்டால் 1200. இது லாபமில்லை தங்கச்சி, 120 ரூபாய் நட்டம். நீ ஒரு ஆளை வேலைக்கு வைக்கிற அன்றைக்குத்தான் இந்த நட்டம் வெளியே தெரியும். அதுவரை உன் உடம்பு அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கும். "வீட்டு ஊறுகாய் மலிவு" என்று பெயர் வாங்கி, இரண்டே வருடத்தில் களைத்து நிறுத்திவிடுவதற்கு இதுதான் வழி.

இந்தக் கணக்கு வராமல் போவதற்கு உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 299 நிமிடம் அதற்குக் கொடுக்கிறாள், அப்படி ஈடுபடும் ஆண் 97 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பராமரிப்பது தனி: பெண் 134 நிமிடம், ஆண் 76. ஏழு மணி நேரம் கூலியில்லாமல் உழைத்துப் பழகிய கைக்கு எட்டாவது மணி நேரத்துக்கு மட்டும் விலை கேட்க நா எழுமா? தமிழக அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. தொகை சிறிதோ பெரிதோ, 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்று சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. அந்த வேலைக்கு மதிப்பு உண்டு என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

"சும்மா கணக்குப் பார்க்காதே, முதல் கிடைத்தால் பெண்கள் முன்னுக்கு வந்துவிடுவார்கள்" என்று சிலர் சொல்வார்கள். இதற்கு இலங்கையிலிருந்து ஒரு பதில் உண்டு. 2005ல் தொடங்கி களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் நடத்துவோர் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமான பணத்தையோ பொருளையோ ஆய்வாளர்கள் இனாமாகக் கொடுத்தார்கள். ஆண்கள் தொழிலில் லாபம் கூடியது. பெண்கள் தொழிலில், சராசரியாகப் பார்த்தால், ஒன்றும் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் வராது என்று முடிவு கட்டிவிட வசதியான சான்று. ஆனால் ரோகிணி பாண்டே உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள் 2019ல் வெளியிட்ட கட்டுரையில் இதே விவரங்களையும், இந்தியா, கானா நாடுகளின் விவரங்களையும் குடும்பத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். வீட்டில் அவள் ஒருத்தி மட்டுமே தொழில் நடத்துகிற இடங்களில், அவளுக்கும் ஆண்களைப் போலவே லாபம் கிடைத்திருந்தது. கணவனும் தொழில் நடத்திய வீடுகளில் அவள் பெயருக்கு வந்த முதல் அவன் தொழிலுக்குப் போயிருந்தது. திறமையில் குறையில்லை, கல்லாவில்தான் ஓட்டை. குடும்பத்தை முன்வைத்துத் தன்னைப் பின்னுக்கு வைக்கும் அதே தாய்ப்புத்திதான் இந்த ஓட்டையை அடைக்கவிடாமல் செய்கிறது. உன் தொழிலுக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வீட்டுக்காரருக்கு அவசரம் என்றால் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கைமாற்று என்று தேதி போட்டு எழுதிக் கொடு.

இன்னொரு ஆய்வு உகாண்டாவிலிருந்து, 2021ல் வந்தது. சின்னப் பிள்ளையைக் கடையில் வைத்துக்கொண்டே வியாபாரம் பார்த்த பெண்களின் லாபம், மற்றப் பெண் வியாபாரிகளைவிட ஏறக்குறையப் பாதி குறைவாக இருந்தது. அப்படியானால் பிள்ளை வளர்ப்பு திறமை தருகிறது என்ற வாதமே அடிபட்டுப் போகிறதே என்று நீ கேட்கலாம். அடிபடவில்லை. நீச்சல் கற்றவள் முதுகில் மூட்டையோடு நீந்தினால் மெதுவாகத்தான் போவாள். அந்த மூட்டையை மதியம் மூன்று மணி நேரம் இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். அங்கன்வாடி, மாமியார், சின்னம்மா, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. பிள்ளையின் தகப்பனை இந்தப் பட்டியலில் கடைசியில் சேர்க்காதே, முதலில் சேர். பார்த்துக்கொள்கிறவர் வெளியாளாக இருந்து காசு வாங்கினால், அதுவும் பாட்டில் விலையில் ஏற வேண்டிய செலவுதான்.

பிள்ளை பெறாத பெண்ணுக்கும், ஆணுக்கும் இந்தத் திறமை கிடையாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரிதான் பதில். இது கருப்பையில் விளைவது இல்லை, வளர்க்கிற வேலையில் விளைவது. வளர்க்கிற எவருக்கும் வரும்.

கடைசியாக ஒரு மனத்தடை. ஆசையாய்ச் செய்கிற வேலைக்கு மணிக்கணக்கில் கூலி எழுதினால் அதன் ருசி கெட்டுவிடாதா என்ற கூச்சம். பட்ரிசியா நாராயண் கதையைப் படித்துப்பார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊறுகாய், ஜாம் போட்டு விற்கத் தொடங்கியவர். 1982ல் சென்னை மெரினாவில் தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, ஐம்பது காசு. அங்கிருந்து அலுவலகக் கேன்டீன்கள், பிறகு சொந்த உணவகங்கள், 2010ல் ஃபிக்கி என்ற தொழில் கூட்டமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது. கேன்டீன் ஒப்பந்தத்தில் எத்தனை சாப்பாடு, எத்தனை ஆள், என்ன கூலி என்று எழுதாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. கூலி எழுதினதால் அவர் சமையலின் ருசி கெட்டுப்போனதாக யாரும் சொல்லவில்லை.

பிள்ளைக்குச் செய்வதற்கு நீ பில் போட வேண்டாம். பாட்டிலில் அடைத்து வெளியே போகிறதற்குப் போடு. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அடுத்த ஜாடிக்குப் பழம் நறுக்க உட்காரும்போது மணியைப் பார்த்து எழுது. பிள்ளை அழுது எழுந்துபோனால் அந்த நேரத்தைக் கழித்துவிட்டு, திரும்ப உட்காரும்போது மறுபடி எழுது. ஜாடி காலியாகும்போது கூட்டிப்பார். அதற்கப்புறம் பாட்டிலில் விலை ஒட்டு.

அன்புடன்,
உன் அக்கா