பூசும் முன் சோதிப்போம்
வீட்டுத் தைலங்களைக் குறித்து ஒரு பாடம்

அன்பான பங்காளர்களே,

இந்த இதழில் வழக்கமான தியானத்துக்குப் பதிலாக, காலில் பூசும் எண்ணெயைக் குறித்து ஒரு பாடம் எழுதுகிறோம். ஆஸ்பத்திரிப் போதகருக்கு எண்ணெய்ப் புட்டியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களுக்குத் தெரியாத காரியத்தில் நாங்கள் யோசனையின்றித் தலையிட்டதால் வந்த பாடம் இது. ஆகையால் அதை நாங்களே எழுதுவது நலம் என்று எண்ணினோம்.

1. நடந்தது என்ன?

தஞ்சைப் பகுதியில் நடவுக் காலம் முழுவதும் பெண்கள் சேற்றில் நிற்கிறார்கள். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு என்று கால் ஊறிக்கொண்டே இருக்கும். பிறகு மார்கழி, தை மாதங்களில் வயல் காய்ந்து பனிக்காற்று வீசும்போது, அதே கால் வறண்டு குதிகால் பாளம் பாளமாக வெடிக்கும். பித்தவெடிப்பு என்று நாம் சொல்லுவது இதையே. பெயரில் பித்தம் இருந்தாலும் பெரும்பாலும் காரணம் தோலின் வறட்சியும், குதிகாலின் தடிப்பும், வெறுங்கால் நடையும்தான்.

கடையில் விற்கும் கிரீம் கூலி வேலை செய்கிறவர்களுக்கு எட்டாத விலை. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் கிராமத்துப் பெண்கள் கூட்டங்களில் ஒரு வீட்டுத் தைலம் செய்யக் கற்றுக்கொடுத்தோம். தேங்காயெண்ணெயில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, தேன்மெழுகு சேர்த்து இறக்க வேண்டும். எல்லாம் இயற்கைப் பொருள், ஆகையால் தீங்கு வராது என்று சொன்னோம். சூடு ஆறுவதற்கு முன்னே வெடிப்பில் விட்டால் நன்றாக உள்ளே இறங்கும் என்றும் சொன்னோம். யாரிடமும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயார் வந்தார். இரு குதிகாலிலும் பெரிய கொப்புளங்கள், ஒன்று உடைந்து புண்ணாகியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் தொழுநோய்க்கு மருந்து முழுவதும் சாப்பிட்டுக் குணமானவர் அவர். நோய் போயிருந்தது, ஆனால் பாதத்தின் உணர்ச்சி திரும்பவில்லை. “நீங்க சொன்ன மாதிரித்தான் ஊத்தினேன் ஐயா. சுடவே இல்லையே. பேத்தி பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும்” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அதுவே எங்களை அதிகமாகக் குத்திற்று. புண் ஆற வாரக்கணக்காயிற்று. கால் தப்பியது. ஆனால் அந்த ஆண்டு சம்பா அறுவடைக் கூலி அவருக்கு இல்லை.

அன்றுமுதல் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்ளுகிறோம். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு தைலப் புட்டி இருக்கும் அல்லவா?

2. வறண்ட தோலுக்கு என்ன தேவை?

நம் தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவருக்கு ஒப்பிடலாம். செங்கல்களுக்கு நடுவே சாந்து இருப்பதுபோல, தோலின் அணுக்களுக்கு நடுவே கொழுப்புச் சத்து இருக்கிறது. அது உள்ளே இருக்கும் ஈரத்தைக் காத்து, வெளியே இருக்கும் கிருமிகளைத் தடுக்கிறது. சோப்பும் சேறும் வெயிலும் அந்தச் சாந்தைக் கரைத்துவிட்டால் ஈரம் வெளியேறும், சுவர் பிளக்கும்.

இதற்குப் பூசும் பொருள்கள் மூன்று வகை. கற்றாழைச் சோறு, தேன், கிளிசரின் போன்றவை ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை பிளவுகளை நிரப்பித் தோலை மிருதுவாக்கும். மெழுகு, வாசலின் போன்றவை மூடிபோல் மேலே நின்று ஈரம் போகாமல் தடுக்கும். நம் ஊரில் விளக்குக்கு ஊற்றும் இலுப்பை எண்ணெயும் குளிர்ந்தால் உறைந்துபோகும் கெட்டிக் கொழுப்பு. அதைக் குதிகாலுக்குத் தடவும் வழக்கம் பழையது.

இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. எண்ணெயில் தண்ணீர் இல்லை. அது ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைக் காக்க மட்டுமே செய்யும். காய்ந்த குதிகாலில் எவ்வளவு எண்ணெய் பூசினாலும் அதிகப் பலன் இராது. முதலில் சாதாரணத் தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் காலை ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் பூச வேண்டும்.

3. நல்லது என்று நினைத்தவை

நெடுநாள் வழக்கம் என்பதனாலேயே ஒரு எண்ணெய் நல்லது ஆகிவிடாது, கெட்டதும் ஆகிவிடாது. சோதித்தால்தான் தெரியும். 2004இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள், வறண்ட தோல் உள்ள 34 பேரில் சிலருக்குத் தேங்காயெண்ணெயும் சிலருக்குக் கனிம எண்ணெயும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் சமமாகவே வேலை செய்தன. நம் பாட்டிமாரின் தேங்காயெண்ணெய் அந்தச் சோதனையில் நின்றது. 2005இல் வங்கதேசத்தில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் மென்மையாகத் தடவியபோது, ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமி நோய்கள் 41 சதவீதம் குறைந்ததாக வெளியிட்டார்கள்.

ஆனால் ஒலிவ எண்ணெயின் காரியம் வேறு. நம் கிறிஸ்தவ வீடுகள் அநேகத்தில் ஒலிவ எண்ணெய்ப் புட்டி ஒன்று பக்தியோடு வைக்கப்பட்டிருக்கும். பச்சைக் குழந்தைக்கும் தடவுவார்கள். 2013இல் வெளியான ஒரு இங்கிலாந்து ஆய்வில், பெரியவர்களின் தோலில் ஒலிவ எண்ணெயைச் சில வாரங்கள் தடவியபோது அது தோலின் அந்தச் சுவரைப் பலவீனப்படுத்தியது தெரிந்தது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. நாம் ஒன்றின்மேல் வைத்திருக்கும் மரியாதை வேறு, அது தோலுக்குச் செய்வது வேறு.

4. தஞ்சையில் ஒரு முன்மாதிரி

சோதித்து எழுதிவைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து கற்றவர். அவர் அரண்மனையில் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவக் கூடத்தை நடத்தினார். நாட்டு வைத்தியரும் மேல்நாட்டு வைத்தியரும் அங்கே வேலை செய்தார்கள். கண் நோயாளிகளுக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன முடிவு என்று குறிப்பெழுதி, கண்ணின் படமும் வரைந்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அனுபவத்தில் பலன் கண்ட முறைகள் தமிழ்ப் பாடல்களாக எழுதப்பட்டு, சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அந்நூலகத்தாரால் அச்சிடப்பட்டன.

நாங்கள் செய்யத் தவறியது இந்தக் குறிப்பெழுதுதலே. யாருக்குக் கொடுத்தோம், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமலே அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டோம்.

5. வீட்டில் சோதிக்கும் முறை

முதலாவது, பொருளைச் சோதியுங்கள். ஒவ்வொரு இலையும் எண்ணெயும் இன்னதென்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். ஈரமில்லாத சுத்தமான பாத்திரத்தில் செய்து, காய்ந்த புட்டியில் ஊற்றி, செய்த தேதியை ஒட்டிவையுங்கள். எண்ணெயில் சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கற்றாழைச் சோறு, பன்னீர் போன்ற தண்ணீருள்ள பொருள் சேர்ந்தால் அதில் கிருமி வளரும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் முன்பே வளரும். அப்படிப்பட்டதை அன்றன்றைக்குச் செய்து, மிச்சத்தை எறிந்துவிடுவதே நல்லது.

இரண்டாவது, கையில் சோதியுங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தினம் இரண்டு வேளை, ஏழு நாள் பூசிப் பாருங்கள். ஒரே நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடக்கூடாது. ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்தே தோன்றும். ஜெர்மானிய மருத்துவர் யாதசோன் 1895இல் தோலில் மருந்தை ஒட்டிவைத்துப் பார்க்கும் முறையை அறிவித்த நாளிலிருந்து, தோல் மருத்துவர்கள் இந்தப் பொறுமையைக் கடைப்பிடிக்கிறார்கள். சிவப்போ தடிப்போ கொப்புளமோ அரிப்போ வந்தால் கழுவிவிட்டு, அந்தத் தைலத்தை விட்டுவிடுங்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புதிய பொருள்களை ஒவ்வொன்றாகவே சேருங்கள். ஐந்தை ஒன்றாகக் கலந்தால் குற்றவாளி எது என்று தெரியாது.

மூன்றாவது, இடது வலது என்று சோதியுங்கள். ஒரு குதிகாலில் புதுத் தைலம், மற்றதில் வெறும் தேங்காயெண்ணெய். இரண்டையும் ஒரே நேரம் ஊறவைத்து, இரண்டு வாரம் செய்யுங்கள். வெடிப்பின் நீளத்தை ஒரு நூலால் அளந்து எழுதிவையுங்கள். எந்தப் புட்டியில் எது என்று பூசுகிறவருக்குத் தெரியாமல் வேறொருவர் அடையாளம் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. நம்முடைய ஆசை கண்ணை ஏமாற்றாது.

நாங்கள் நாலு பேர் எங்கள் கால்களிலேயே இதைச் செய்தோம். நாங்கள் பெருமையாகக் கற்றுக்கொடுத்த தைலமும், வெறும் தேங்காயெண்ணெயும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வேலை செய்தன. பெரிய வித்தியாசம் செய்தது தண்ணீரில் ஊறவைத்ததுதான்! நாலு பேர் கால் எதையும் நிரூபிக்காது. ஆனாலும் எங்கள் பெருமையைக் குறைக்க அது போதுமானதாயிருந்தது.

6. பேசாத தோல்

மேலே சொன்ன சோதனைகள் யாவும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கின்றன: தீங்கு வந்தால் தோல் நமக்குச் சொல்லும். எரியும், அரிக்கும், வலிக்கும். தொழுநோயோ சர்க்கரை நோயோ நரம்பைக் கெடுத்த பாதம் அப்படிச் சொல்லாது. அதில் வியர்வையும் குறைவதால் அதுவே அதிகமாக வறண்டு வெடிக்கிறது. தைலம் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்கள் தோலே பேசாமல் இருக்கிறது. எங்கள் தவறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கால் புண்கள் நோயினால் தானாக வருவதல்ல, வலி தெரியாததால் காயப்பட்டு வருபவை என்று எடுத்துக்காட்டினார். வலி ஒரு காவற்காரன். அவன் இல்லாத வீட்டில் கண் காவல் காக்க வேண்டும். ஆகையால்:

- உணர்ச்சி குறைந்த பாதத்தில் எதையும் சோதிக்கக்கூடாது. உணர்ச்சி உள்ள கையில் சோதித்து, பலனைக் கண்ணால் பாருங்கள்.
- தைலமும் தண்ணீரும் சூடாக இருக்கக்கூடாது. சூட்டை மற்றவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும்.
- தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ, வீட்டிலுள்ளவர் உதவியாலோ பாருங்கள்.
- விரல் இடுக்கில் எண்ணெய் வேண்டாம். சேற்றுப்புண் உள்ள இடம் கழுவித் துடைத்து, காய்ந்திருக்க வேண்டும்.
- வெடிப்பில் இரத்தமோ சீழோ வீக்கமோ கண்டால் தைலத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்தத் தைலத்துக்கும் முன்பாக ஒரு சோதனை உண்டு. வறண்ட இடம் வெளிறியோ சிவந்தோ இருந்து, தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், அது எண்ணெய்க்குரிய வறட்சி அல்லாமல் இருக்கலாம். தேசிய அளவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சனையாக இல்லை என்று 2005 டிசம்பரில் எட்டிய நிலை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் 2023ஆம் ஆண்டிலும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. சீக்கிரம் வந்தால் உணர்ச்சியைக் காப்பாற்றலாம். எண்ணெய் பூசிக் காத்திருக்கும் மாதங்கள் திரும்பி வராது.

7. சோதிக்கவும் கூடாதவை

சேராங்கொட்டையும் எருக்கம்பாலும் இயற்கையே. ஆனால் தோலைப் புண்ணாக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வயல் வெயிலில் நின்றால் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகும். வேப்பெண்ணெயைக் குழந்தைகளின் கைக்கு எட்ட வைக்காதீர்கள். அது வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம்.

முடிவாக

நல்ல சமாரியன் காயங்களில் எண்ணெய் வார்த்ததை நாங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அவன் அதோடு நிற்கவில்லை, திரும்பி வருவதாகச் சத்திரக்காரனிடம் சொல்லிப் போனான் என்பதை அந்தத் தாயாரின் கால் எங்களுக்கு நினைப்பூட்டிற்று. எண்ணெய் கொடுப்பது சுலபம். அது என்ன செய்தது என்று திரும்பி வந்து பார்ப்பதும் அன்பின் வேலையே. இப்பொழுது எந்தக் கிராமத்தில் எதைக் கற்றுக்கொடுத்தாலும், முதலில் கால்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறோம். இரண்டு வாரம் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரும்பிப் போகிறோம். அந்தத் தாயாரும் சில கூட்டங்களுக்கு எங்களோடு வந்து, தம் குதிகாலின் தழும்பைக் காட்டிப் பேசினார். எங்கள் பேச்சைவிட அதையே பெண்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. உங்கள் வீட்டுத் தைலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? செய்த தேதி தெரியுமா?
2. நன்மை என்று எண்ணி மற்றவருக்குச் சொன்ன வைத்தியம் எதையாவது, பலன் என்னவென்று பிறகு கேட்டதுண்டா?
3. உங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோயுள்ள பெரியவரின் உள்ளங்காலை கடைசியாக யார், எப்பொழுது பார்த்தார்கள்?

மூன்றாம் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், இதைப் படித்து முடித்தவுடனே எழுந்து போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆஸ்பத்திரிப் போதகர்