நீங்கள் ‘இரவு ஆந்தை’யா, தூக்கம் வராதவரா?

பலதுறை மருந்தகத்தில் மருத்துவரோ தாதியோ உங்களிடம், “ஆர் யூ எ நைட் அவுல்?” என்று கேட்கலாம். வீட்டில் பேரப்பிள்ளைகளும் உங்களை அப்படிச் சொல்லக்கூடும். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘நைட் அவுல்’ என்பது ‘இரவு ஆந்தை’. ஆந்தை அலறினால் ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி சற்று வருத்தம் தரலாம். ஆனால், ஆங்கிலத்தில் இது வசைச்சொல் அன்று. இரவில் நெடுநேரம் விழித்திருக்கும் பழக்கம் உள்ளவரை அப்படிச் சொல்வார்கள். நம் பேச்சில் ‘ராக்கோழி’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

இந்தக் கேள்விக்கு உடனே “யெஸ்” என்று சொல்லிவிடாதீர்கள். நேரங்கழித்துத் தூங்குவது வேறு. படுத்தும் தூக்கம் வராமல் தவிப்பது வேறு. உங்கள் பதிலைப் பொறுத்து மருத்துவர் தரும் ஆலோசனையும் மாறும்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையில் ஒரு சிறு பகுதி கடிகாரம்போல் வேலை செய்கிறது. கண்வழி வரும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்னும் சுரப்புநீர் கூடுகிறது. தூக்கத்திற்கு உடல் தயாராகிறது. இந்த உடல் கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

எல்லாருடைய கடிகாரமும் ஒன்றுபோல் ஓடுவதில்லை. சிலருக்கு இயல்பாகவே தாமதமாகத்தான் தூக்கம் வரும். பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு.

வயது கூடும்போது இந்தக் கடிகாரம் பொதுவாக முன்னே நகரும். அதனால்தான் மூத்தோர் பலருக்கு இரவு 9 மணிக்கே கண் சொக்குகிறது. விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. முன்பு நேரத்தோடு தூங்கிய நீங்கள் இப்போது நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தால், “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கலாம்.

நீங்கள் எந்த வகை?

இரவு ஆந்தை வகையினர்:
• இளமையிலிருந்தே தாமதமாகத் தூங்குபவர்கள்.
• படுத்தால் விரைவில் தூங்கிவிடுவார்கள்.
• காலையில் யாரும் எழுப்பாவிட்டால் 7 அல்லது 8 மணி நேரம் தூங்கித் தெளிவாக எழுவார்கள்.

தூக்கமின்மை உள்ளவர்கள்:
• தூங்க விரும்பிப் படுத்தும் புரண்டுகொண்டே இருப்பார்கள்.
• இடையில் பலமுறை விழிப்பார்கள். மீண்டும் தூக்கம் வராது.
• பகலில் களைப்பு, எரிச்சல், மறதி, தடுமாற்றம் இருக்கும்.

பாதுகாவலர் வேலை போன்ற இரவு வேலையில் பல ஆண்டுகள் இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் தேவை. போதிய தூக்கம் இல்லாவிட்டால் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துவது கடினமாகும். பகலில் தடுமாறி விழும் ஆபத்தும் கூடும்.

நம்மை விழிக்க வைப்பவை

• காப்பி, தேநீர்: மாலை 4 மணிக்குக் குடித்த காப்பியில் உள்ள காஃபினில் ஏறக்குறையப் பாதி, இரவு 9 மணிக்கும் உடலில் இருக்கும். மதிய உணவுக்குப் பிறகு தவிர்ப்பது நல்லது.
• நீண்ட பகல் தூக்கம்: அரை மணி நேரம் போதும். பிற்பகல் 3 மணிக்கு முன்பே எழுந்துவிடுங்கள்.
• தொலைக்காட்சித் தொடர், வாட்ஸ்அப்: திரையின் வெளிச்சம் மட்டுமல்ல, “இன்னும் ஒன்று பார்ப்போம்” என்ற ஆர்வமும் தூக்கத்தைத் தள்ளிப்போடும்.
• நீர் மாத்திரை: இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்தால், மாத்திரையை எந்நேரம் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம்.
• மூட்டுவலி, கவலை, துணையை இழந்த துயரம்: இவற்றையும் மருத்துவரிடம் சொல்லலாம்.

கடிகாரத்தை முன்னே நகர்த்த

1982 ஜனவரி 1ஆம் தேதி பிறந்தபோது சிங்கப்பூரில் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சுவர்க் கடிகாரத்தை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். உடல் கடிகாரத்தைச் சிறுகச் சிறுகத்தான் மாற்ற முடியும்.

1. இரவு எப்படிக் கழிந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
2. இங்கு ஆண்டு முழுவதும் காலை 7 மணியையொட்டிச் சூரியன் உதிக்கிறது. அதன்பின் அரை மணி நேரம் வெளியே நடங்கள். நடக்க இயலாதவர்கள் சன்னல் அருகே அமரலாம்.
3. சில நாள்களுக்கு ஒருமுறை, படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள்.
4. படுப்பதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன் விளக்கொளியைக் குறையுங்கள். கைப்பேசியை எட்ட வையுங்கள்.
5. சுமார் 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமருங்கள். கண் சொக்கியதும் மீண்டும் படுங்கள். கழிவறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும்.

பிறருடைய தூக்க மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். தூக்கம் வருவதற்காகச் சளி மருந்து குடிப்பதும் வேண்டாம். மூத்தோருக்கு இவை குழப்பத்தையும் தலைச்சுற்றலையும் உண்டாக்கலாம்; இரவில் எழும்போது விழ நேரிடலாம்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

• “ஐ ஸ்லீப் லேட், பட் ஐ ஸ்லீப் வெல்” – நேரங்கழித்துத் தூங்குகிறேன், ஆனால் நன்றாகத் தூங்குகிறேன்.
• “ஐ கான்ட் ஃபால் அஸ்லீப்” – படுத்தும் தூக்கம் வருவதில்லை.
• “ஐ கீப் வேக்கிங் அப்” – அடிக்கடி விழித்துக்கொள்கிறேன்.

ஆங்கிலம் பேசத் தயங்குகிறீர்களா? இந்தப் பக்கத்தைக் காட்டி உங்களுக்குப் பொருந்தும் வரியைச் சுட்டிக்காட்டுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்த நேரங்கள் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துவைத்து, உட்கொள்ளும் மருந்துகளுடன் எடுத்துச் செல்லுங்கள்.

வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ தூக்கம் கெட்டு, அது சில வாரங்களாகத் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். உரத்த குறட்டைக்கு இடையே மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் உள்ளவர்கள் சொன்னாலும், எதிலும் நாட்டமின்றி மனம் சோர்ந்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம். விரைவில் மருத்துவரைப் பாருங்கள்.