மண் மீளும் காலம்

பல ஆண்டுகளாக யூரியாவுக்குப் பழகிய நெல்வயலில், ஒரு பருவத்தில் அவ்வுரத்தை முற்றாக நிறுத்தி நாற்று நட்டால், பயிர் வெளிறி நிற்கும். தூர் கட்டுவது குறையும். அடுத்த வயலில் கரும்பச்சையாய் அசையும் பயிரைக் காணும்போது உழவரின் மனத்தில் ஐயம் எழும். இயற்கை வேளாண்மைக்கு மாற முனைந்தவர் மீண்டும் உரமூட்டையைத் தேடிச் செல்வது பெரும்பாலும் இந்நிலையில்தான்.

பயிர் வெளிறுவதன் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உண்டு. இட்ட சில நாள்களிலேயே அது பயிருக்குக் கிடைத்துவிடும். தொழுவுரத்திலும் தழையிலும் உள்ள சத்தோ, நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்த பின்னரே வேரைச் சேரும். மட்கு குறைந்த மண்ணில் அந்நுண்ணுயிர்களும் குறைவு. ஆர்வத்தால் வெறும் வைக்கோலை மட்டும் மடக்கி உழுதால் நிலைமை மேலும் சீர்கெடும். கரிமம் மிகுந்த வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள், மண்ணில் எஞ்சியிருக்கும் தழைச்சத்தையும் தம் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்.

எனவே, பட்டறிவுள்ள உழவர்கள் பணப்பயிரை ஒரு பருவம் தள்ளிவைத்துப் பலதானிய விதைப்பை மேற்கொள்கின்றனர். கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கடுகு, கொத்தமல்லி, தக்கைப்பூண்டு, சணப்பை எனப் பலவகை விதைகளைக் கலந்து, ஏக்கருக்கு ஏறத்தாழ 20 கிலோ விதைப்பர். பூக்கும் பருவத்தில் அவற்றை மண்ணிலேயே மடக்கி உழுவர். பயறுகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து வைக்கின்றன. வெவ்வேறு ஆழத்திற்குச் செல்லும் வேர்கள் இறுகிய மண்ணை நெகிழ்த்துகின்றன. அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையப் பணியிலிருந்து விலகிய நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகச் சென்று பரப்பிய முறைகளுள் இதுவும் ஒன்று.

மண் தேறும் வரை வருவாய்க்கு வழி என்ன என்பதே கடினமான வினா. இந்தியச் சான்றளிப்பு விதிகளின்படி, ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாறுதல் காலமாகும். அதுவரை விளைச்சல் குறையக்கூடும். இயற்கை விளைபொருள் என்னும் முழுச்சான்றும் அதற்குரிய விலையும் கிட்டா. இவ்விழப்பை உழவர் தனியே சுமக்க வேண்டுமா என்பது, இயற்கை உணவை விரும்பி வாங்குவோரும் எண்ண வேண்டிய ஒன்று. ஐந்து ஏக்கர் உடையவர் முதலில் ஓர் ஏக்கரை மட்டும் மாற்றிப் பார்ப்பது இதனால்தான். அப்போதும் பக்கத்து வயலின் வடிநீர் புகாதபடி வரப்பை உயர்த்த வேண்டியிருக்கும்.

இக்கால அளவைப் பொறுமையுடன் ஏற்ற மாநிலம் சிக்கிம். 2003ஆம் ஆண்டு முடிவெடுத்த அம்மாநிலம், இரசாயன உரத்திற்கான மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தது. ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் நிலத்தை மாற்றி, 2016 ஜனவரியில் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு முன்பும் உரப்பயன்பாடு குறைவாகவே இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இலங்கையிலோ 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மாற்று உரம் போதிய அளவில் ஆயத்தமாக இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது. அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது, பெரும்போக விதைப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.