பழைய வண்டிச் சந்தை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநில எல்லைகளையும் தொட்டுக் கிடக்கும் ஆந்திரத்தின் சித்தூரிலும், 2022 ஏப்ரலில் தனி மாவட்டமான திருப்பதியிலும் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவோரிடையே சில தவறான எண்ணங்கள் வேரூன்றியுள்ளன.

நம்பிக்கை: ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றும் கையெழுத்திட்ட படிவங்களும் கைக்கு வந்தால் வண்டி சொந்தமாகிவிடும்.

உண்மை: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், 29, 30 எண்ணுள்ள படிவங்கள் அதற்கானவை. விற்பவரின் கையெழுத்தை மட்டும் வாங்கி, தேதியையும் வாங்குபவர் பெயரையும் நிரப்பாமல் வியாபாரி அலமாரியில் வைத்திருக்கும் படிவத்தால் பதிவேட்டில் எதுவும் மாறுவதில்லை. பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயர் நீடித்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

நம்பிக்கை: வியாபாரி வெறும் தரகர்; அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

உண்மை: 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி 5 ஆண்டு செல்லுபடியாகும் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியே தெரிவித்தபின், விற்பனை முடியும்வரை சட்டத்தின் பார்வையில் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆகவே அங்கீகாரச் சான்றையும் அந்தத் தெரிவிப்பையும் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமையே.

நம்பிக்கை: கடன் அடைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் போதும்.

உண்மை: வண்டியைக் கடனாளி ஓட்டினாலும் அதன்மேல் கடன் கொடுத்தவருக்கு உள்ள பிடியைக் காட்டுவதே ஆர்.சி.யில் உள்ள ஹைப்பாதிகேஷன் குறிப்பு. நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35 அளிக்கப்பட்டு அக்குறிப்பு நீங்கும்வரை வண்டி கடனிலிருந்து விடுபட்டதாகாது.

நம்பிக்கை: வெளிமாநில எண் கொண்ட வண்டி மலிவு.

உண்மை: 12 மாதங்களுக்கு மேல் ஆந்திரத்தில் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்றும், வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியும் தேவைப்படுவதால், இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான விலை தெரியும்.

பானட்டைத் திறந்து, வண்டியின் சட்டகத்தில் பொறித்துள்ள 17 எழுத்தெண் கொண்ட சேசிஸ் எண்ணை ஆர்.சி.யுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்பே அட்வான்ஸ் கொடுப்பதும், பெயர் மாற்றம் பதிவேட்டில் ஏறும்வரை மீதித்தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்வதும் வாங்குபவருக்குப் பாதுகாப்பு.