நெய்வேலி: கரி தந்த ஊரும், கரிக்காகப் போன ஊர்களும்



நாம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தாலும், நம் வீட்டு விளக்கில் தமிழ்நாட்டு மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. கடலூர் மாவட்டம் நெய்வேலியிலுள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தென்மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. கேரளத்துக்கும் அதில் பங்குண்டு. ஆகவே நெய்வேலியைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது என்று இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

பழுப்பு நிலக்கரி என்பது என்ன?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த காடுகளே நிலக்கரியாயின. முற்றிலும் இறுகாத இளம் கரிதான் பழுப்பு நிலக்கரி. வர்க்கலா கடற்கரைக் குன்றின் மண்ணடுக்குகளிலும் இக்கரி கறுப்புப் பட்டைகளாக இருக்கிறது. அங்கே மெல்லிய பட்டையாக உள்ளது, நெய்வேலியில் ஆழத்தில் பெரும் படுகையாகக் கிடக்கிறது.

இக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். குவித்து வைத்தால் தானே தீப்பற்றிக்கொள்ளும். தொலைதூரம் ஏற்றிச் சென்றால் தண்ணீரைச் சுமப்பது போலத்தான். அதனால்தான் சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையத்தை அமைத்தார்கள்.

ஊர் உருவான கதை

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. அவர் அதை அரசுக்குத் தெரிவித்தார். 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அப்போது காமராஜர் முதலமைச்சர்.

வேலை எளிதாக இல்லை. ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை அகற்ற வேண்டும். கரிப்படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும். ஜெர்மனியிலிருந்து சக்கர வடிவ மண்வெட்டும் ராட்சத இயந்திரங்கள் வந்தன. 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. சோவியத் நாட்டின் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, பின்னர் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளின் அடுப்பில் எரிந்த ‘லெக்கோ’ கரிக்கட்டிகளும் இங்கே செய்தவையே. அந்த ஆலையும் யூரியா ஆலையும் மூடப்பட்டுவிட்டன. 58 ஆண்டுகள் உழைத்த முதல் மின் நிலையமும் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. புதிய நிலையம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. சுரங்கப் பணி தொடர்கிறது.

கணக்கின் மறுபக்கம்

மின்சாரம் வந்தது, வேலை வந்தது. எண் வரிசையிட்ட வட்டங்களும், நேரான சாலைகளும், மரநிழலும், பள்ளிகளும், மருத்துவமனையும் கொண்ட அழகிய நகரியம் வந்தது. தமிழரோடு மலையாளிகளும் தெலுங்கரும் அங்கே குடியேறினர். நம்மைப் போல அவர்களும் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களே.

ஆனால் சுரங்கம் வந்த இடத்தில் முன்பு கிராமங்கள் இருந்தன. வயல், கோயில், குளம், சுடுகாடு எல்லாம் இருந்தன. அவை பெயர்க்கப்பட்டன. சுரங்கம் விரியுந்தோறும் இதே கதை தொடர்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதைத் தொலைக்காட்சியில் கண்டோம். நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் தரப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரைக்குமாவது பொறுத்திருக்கலாமே என்றனர் உழவர்கள்.

நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். பாட்டி இல்லாவிட்டாலும் பாட்டி வீட்டுத் திண்ணை இருக்கிறது. சுரங்கத்தில் போன ஊரின் பிள்ளைகள் எங்கே போவார்கள்? நகரியத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. தந்தை பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிறந்த ஊரில் சொந்த வீடு இராது.

கரி ஒருநாள் தீரும். தோண்டிய சில பகுதிகளில் மண்ணை மீண்டும் நிரப்பி மரம் வளர்க்கிறார்கள், பயிரும் செய்கிறார்கள். மண் மெல்ல மெல்ல வளம் பெறும். கலைந்துபோன ஊர் மீண்டும் கூடுமா என்பதே என் கேள்வி. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்கைப் போடும்போது அதற்கு விலை கொடுத்தவர்களையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

மாணவர்களுக்குச் சில வினாக்கள்

1. நெய்வேலிக் கரியைத் தொலைவுக்கு அனுப்பாமல் அங்கேயே எரிப்பது ஏன்?
2. சுரங்கத்தைச் சுற்றி எப்போதும் நீர் இறைப்பது ஏன்?
3. உங்கள் தாத்தாவின் ஊரில் இன்றும் இருப்பவை எவை, மறைந்தவை எவை? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்து வரிகள் எழுதுங்கள்.