முழங்கை வலிக்கு ஒரு தண்ணீர் பாட்டில்

டென்னிஸ் மட்டையையே தொடாதவர்களுக்கும் டென்னிஸ் எல்போ வரும். துணி பிழிபவர்களையும் ஸ்க்ரூடிரைவர் திருகுபவர்களையும் கேட்டுப் பாருங்கள். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையை அழுத்தினால் சுரீரென்கும். காபி டம்ளரைத் தூக்கினாலும் வலிக்கும்.

பிசியோதெரபியில் முக்கியமான பயிற்சி இது: முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் 5 விநாடியில் மெல்ல இறக்குங்கள். 10 முதல் 15 முறை. இறக்குவதில்தான் பலன், அவசரப்படாதீர்கள். லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் நீடித்தால் எடையைக் குறையுங்கள்.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஸ்டீராய்டு ஊசி சட்டென்று கேட்கும், ஆனால் வலி திரும்பி வருவது அதிகம். விரல்கள் மரத்துப்போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.