பழைய சாமானில் ஒரு தார்சா: கரிசல் வீட்டுக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பழைய பொருட்களால் வீட்டை அழகாக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் நினைப்பது காரைக்குடியைத்தான். முனீஸ்வரன் கோவில் தெருவில் நுழைந்தால் பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, இனாமல் தூக்குவாளி என்று எல்லாம் கண்ணைப் பறிக்கும். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தவறே இல்லை. ஆனால் அங்கே பல கடைகளில் விலை சொல்வது ரிசார்ட் கட்டுகிறவர்களை மனதில் வைத்து. மணியாச்சியிலோ கடம்பூரிலோ இரண்டு அறை வீடு வைத்திருப்பவர் செட்டிநாட்டு அரண்மனைக்கு நகல் எடுக்கப் போனால் கையும் கடிக்கும், வீடும் சினிமா செட் மாதிரி நிற்கும்.

கரிசல் காட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவை பனை, இரும்பு, பித்தளை, மண், காலண்டர் படம். அவற்றில் தொடங்குங்கள். தார்சா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 5,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். அதிலும் பாதிப் பணம் ஆசாரிக்கும் பிரேம் கடைக்கும்தான் போகும்.

முதல் படி: பரணை இறக்குங்கள்

கடைக்குப் போகும் முன் சொந்த வீட்டுப் பரணில் ஏறுங்கள். பிறகு அப்பா வீடு, மாமியார் வீடு, சித்தி வீடு. மரக்கால், படி, உழக்கு, தகரப் பெட்டி, அரிக்கேன் விளக்கு, ஊறுகாய் ஜாடி, பனைநார்ப் பெட்டி, பல்லாங்குழி என்று பாதிச் சாமான் அங்கேயே கிடைத்துவிடும். “எடுத்துட்டுப் போப்பா, இடத்தை அடைச்சுட்டுக் கெடக்கு” என்று சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

இறக்கியதில் எதை வைத்துக்கொள்வது? அன்றாடம் பயன்படக்கூடியதற்குத்தான் முதலிடம். பெரிய தகரப் பெட்டிக்குத் துருவைச் சுரண்டி ஒரு கோட் பெயின்ட் அடித்தால், உள்ளே போர்வையும் மேலே காபித் தம்ளரும் வைக்கும் மேசை ஆகிவிடும். கயிற்றுக் கட்டிலுக்குப் புதுக் கயிறு பின்னினால் சோபா வாங்கும் செலவு மிச்சம்; வருகிறவர்களும் அதில்தான் போய் உட்கார்வார்கள். பார்க்க மட்டும் வைக்கும் பொருள் ஓர் அறைக்கு நான்கைந்து போதும்.

பித்தளைக் குடம், தவலை, செம்பு கிடைத்தால் கழுத்தையும் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து இருக்கும். சீர் கொடுத்த தாய்மாமன் பெயர், ஊர், சிலவற்றில் தேதியும்கூட. விரலுக்குப் பட்டுக் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கொஞ்சம் கோலமாவைத் தூவித் துடையுங்கள், குழிக்குள் மாவு நின்று எழுத்து வெள்ளையாகத் தெரியும். இப்படிப் பெயர் வெட்டிய பாத்திரத்தை அந்தப் பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி வையுங்கள். கடையில் எவ்வளவு கொடுத்தாலும் இது கிடைக்காது.

இரண்டாம் படி: சுவரைப் பாருங்கள்

இதை வெளியூர்க்காரர்கள் எழுதும் எந்த வழிகாட்டியிலும் பார்க்க முடியாது. நம் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் சரியாகப் போடாத வீட்டில் அந்த அசைவு சுவருக்கும் ஏறும். அதனால் கனமான எதையும் விரிசல் ஓடிய சுவரில் தொங்கவிடாதீர்கள். ஆட்டுரல், குடம், மரப்பெட்டி எல்லாம் தரையிலேயே இருக்கட்டும். சுவருக்கு இலேசான படமும் பனையோலை முறமும் போதும். மாட்டித்தான் ஆகவேண்டிய கனமான நிலைக்கண்ணாடி இருந்தால் கான்கிரீட் தூணிலோ லிண்டலிலோ துளை போடச் சொல்லுங்கள். விரிசலை மறைக்கப் படம் மாட்டுவது நம் ஊரில் பலருக்கும் பழக்கம். வேண்டாம், விரிசல் அகலமாகிறதா என்று தெரியாமலே போய்விடும்.

இன்னொன்று ஆடிக் காற்று. கரிசல் தூசி நுணுக்கமானது, இண்டு இடுக்கெல்லாம் புகுந்துவிடும். பூவேலை நெருக்கமாகச் செதுக்கிய மரச் சாமான் அழகுதான், அதை ஆனி, ஆடி முழுக்கத் துடைக்க ஆள் வேண்டும். வழவழப்பான பொருளாகப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாம் படி: எந்த ரயில் ஏறுவது

மணியாச்சி சின்ன ஊர்தான், ஆனால் ஜங்ஷன். பழைய சாமான் தேடுகிறவருக்கு இது பெரிய வசதி.

தூத்துக்குடிப் பக்கம் போனால், துறைமுக ஊர் என்பதால் சரக்கோடு வந்த பைன் மரப் பேலட்டுகள் பழைய மரக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சுவர் அலமாரி, செருப்பு வைக்கும் தட்டு, செடி வைக்கும் படி எல்லாம் செய்யலாம். வாங்கும்போது மரத்தில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘எச் டி’ என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம் பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு காட்டியது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததையும் விட்டுவிடுங்கள்.

திருநெல்வேலியில் பாத்திரக் கடைகள். பழைய பித்தளையைக் கொடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பித்தளை உருக்கப் போகும் முன் கடையின் பின்கட்டில் குவிந்து கிடக்கும். பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கோவில்பட்டியில் பழைய இரும்புக் கடைகளையும் பழைய கதவு, ஜன்னல் விற்கும் கடைகளையும் பாருங்கள். சாலை அகலப்படுத்த வீடுகள் இடிபடும்போது நிலை, கம்பி ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். தீப்பெட்டி ஆபீஸ்களில் கையால் குச்சி அடுக்கிய காலத்து மரச்சட்டம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இந்த வட்டாரத்துக்கே உரிய பொருள், சுவரில் வைத்தால் தனி அழகு.

இன்னும் கொஞ்சம் தூரம் போக முடிந்தால் மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. காலையிலேயே போய்விட வேண்டும்.

நான்காம் படி: விலை பேசுவது

பித்தளைக்கு அன்றைய பழைய பித்தளை விலை கிலோ என்ன என்று முதலில் இரண்டு கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். பொருளைத் தராசில் வைத்தால் அடிமட்ட விலை தெரிந்துவிடும். அதற்கு மேல் கேட்பது வேலைப்பாட்டுக்கும் பழமைக்கும். அந்தக் கூடுதலை மட்டும்தான் பேசிக் குறைக்க முடியும். “அண்ணாச்சி, இதை நிறைக்குப் போட்டா என்ன வரும், அதுக்கு மேல என்ன வேணும்?” என்று நேராகக் கேட்டால் பேச்சு சுருக்கமாக முடியும். ‘ஆன்டிக்’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. வந்தால் விலை ஏறிவிடும்.

ஐந்தாம் படி: வாங்கும் முன் சோதனை

மரத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே உளுத்திருக்கிறது. சின்ன ஓட்டைகள் இருந்து, அதன் கீழே மாவு போலத் தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கொண்டுவந்தால் வீட்டுக் கதவுக்கும் பரவலாம். பழைய பெயின்ட் அடித்த மரம் என்றால் காய்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் நிறைய இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பழைய ரேடியோ, மேசை விளக்கு வாங்கினால் வயரை முழுக்க மாற்றிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

ஆறாம் படி: காலண்டர் படத்துக்கு ஒரு சுவர்

ஒரே ஒரு பொருளுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் என் ஓட்டு இதற்கே. சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரை வரைந்துகொண்டு வந்து, 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட ஓவியர். அவரும் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் காலண்டர்களாகத் தொங்கின. நம் வீட்டுப் பூஜையறைப் புகையில் கறுத்துக் கிடப்பது அவர்களில் ஒருவருடைய படமாகவே இருக்கலாம். கீழ் ஓரத்தில் கையெழுத்தையும் அச்சகத்தின் பெயரையும் தேடுங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பழைய அச்சில் வண்ணப் புள்ளிகள் வட்ட வட்டமாகச் சேர்ந்து நிற்கும்.

காலண்டரின் மேலும் கீழும் இருக்கும் தகரப் பட்டையை மெதுவாக நெம்பி எடுத்துவிடுங்கள், அதன் துரு தாளில் இறங்கும். பிரேம் கடையில் அட்டையில் பசை போட்டு ஒட்டத்தான் பார்ப்பார்கள். ஒட்ட விடாதீர்கள், ஓரத்தில் மவுண்ட் அட்டை வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி தாளைத் தொடாமல் இருக்கும், ஈரம் கோக்காது. நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பெரிய படம் ஒன்றே போதும், சுற்றிலும் வேறெதுவும் வேண்டாம்.

ஏழாம் படி: துலக்குவது

பித்தளைக்குப் புளியும் உப்புமே போதும். தேய்த்ததும் நன்றாகக் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். புளி தங்கிய இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். எல்லாவற்றையும் கண்ணாடி போல மின்ன வைக்க வேண்டியதில்லை. பழுப்பேறிய தவலைக்கென்று ஒரு நிறம் உண்டு. அதில் சமைக்க ஆசைப்பட்டால் உள்ளே வெள்ளீயம் பூசிய பிறகுதான். இரும்புக்குத் துருவை எடுத்துத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். பனைநார்ப் பெட்டியை ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினாலே போதும்.

வாங்கவே கூடாதவை

பழைய ஐம்பொன் சிலை, கற்சிலை, கோவில் மரச்சிற்பம், ஓலைச்சுவடி எதையும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு பழமையான பொருள் தொல்பொருள். சுவடி போன்றவற்றுக்கு 75 ஆண்டு. சிலை எங்கிருந்து வந்தது என்று போலீஸ் கேட்டால் “சந்தையில் வாங்கினேன்” என்ற பதில் நிற்காது.

ரயில்வே முத்திரை பதித்த விளக்கு, மணி போன்றவற்றுக்கு நம் பக்கம் தனி மோகம் உண்டு. ஏலத்தில் எடுத்ததற்கான பில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய ஸ்லீப்பர் கட்டையை வீட்டுக்குள் பெஞ்சாகப் போடுவதும் வேண்டாம். கரையான் அரிக்காமலிருக்க அதில் ஏற்றிய கிரியோசோட் எண்ணெய் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.

எப்போது தொடங்குவது

மார்கழியில். பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லா வீட்டிலும் பரண் காலியாகும், பழைய இரும்புக்காரருக்கும் அப்போதுதான் சரக்கு குவியும். உங்கள் வீட்டிலிருந்தும் எதையாவது எடைக்குப் போடுவதாக இருந்தால், தராசில் ஏற்றும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.